இரவல் சட்டமும் சொந்தக் காணியும்

விரிவுரை மண்டபத்தை விட்டு இங்கே தொழிற்சாலையிற் பெட்டி அடுக்க வந்த பின்னரும் பழைய கேள்வி ஒன்று என்னை விடவில்லை. ஒரு நாட்டின் அறிவு இன்னொரு நாட்டில் எவ்வாறு வேர்விடுகிறது? நிலப் பாதுகாப்பு அமைப்புகளின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம்.

1891இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில், பொதுமக்களுக்காகக் காணிகளைப் பொறுப்பேற்றுக் காக்கும் அமைப்பொன்று உருவானது. அதற்கு முயன்ற நிலத்தோற்ற வடிவமைப்பாளர் சார்ல்ஸ் எலியட் முன்னரே ஐரோப்பாவிற் பயணித்துப் பயின்றவர். 1895இல் இங்கிலாந்தில் நஷனல் ட்ரஸ்ட் தோன்றியபோது அவரது அமைப்பே முன்மாதிரியாயிற்று. ஆயினும் ஆங்கிலேயர் அத்துடன் நிற்கவில்லை. தம் காணிகளைப் பராதீனப்படுத்த முடியாதவை எனப் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெற்றுக்கொண்டனர்.

அமெரிக்காவிற் பின்னர் பரவிய முறை வேறு. உரிமையாளர் காணியை விற்பதில்லை. கட்டடம் எழுப்பும், துண்டாடும் உரிமைகளை மட்டும் கைவிடுகிறார். அடுத்தடுத்த உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும். எங்கள் உறுதிகளில் வரும் வழிவாய்க்கால் உரிமையை நினைத்தால் இது விளங்கும். ஆனால் வழியுரிமைக்கு, அதனால் பயன்பெறும் இன்னொரு காணி வேண்டும். உரோமச் சட்ட வழிவந்த சிலி நாட்டின் குடியியற் கோவையும் அதையே கேட்டது. பக்கத்திற் காணியில்லாத சங்கம் என்ன செய்யும்?

அமெரிக்க முறையை அறிந்த சிலிச் சட்டத்தரணிகள் அதைப் பெயர்த்தெழுதவில்லை. புதிய உரிமையொன்றையே வகுத்தனர். 2008இல் முன்வைக்கப்பட்ட மசோதா 2016இற்றான் 20,930ஆம் இலக்கச் சட்டமாயிற்று. உறுதி எழுதிக் காணிப் பதிவகத்திற் பதிந்தால் அவ்வுரிமை செல்லும். 2018இல் நிலப் பாதுகாப்பாளரின் சர்வதேச மாநாடு சந்தியாகோவிற் கூடியது. கற்கச் சென்றவர்கள் கற்பிப்போராகவும் ஆயினர்.

சட்டப் புத்தகத்தைத் தபாலிற் பெறலாமே, ஆட்கள் எதற்கு எனக் கேட்கலாம். ஆண்டுதோறும் காணியைச் சுற்றிப் பார்ப்பவர் யார், நிபந்தனை மீறப்பட்டால் வழக்குச் செலவு எந்த நிதியிலிருந்து வரும் என்பவற்றைக் கூட நின்று வேலை செய்தவரே அறிவார். சங்கங்கள் பலம் பெறுவது இங்கேதான்.

'இது காணி உள்ளவர்களின் சூழலியல்' என்பார் நண்பரொருவர். மறுப்பதற்கில்லை. விரும்பிக் கைவிடுவதற்கு முதலில் உரிமை கையில் இருக்க வேண்டும். 'பாதுகாப்பு' என்றதும் எங்களிற் பலருக்கு நினைவில் வருவது உயர் பாதுகாப்பு வலயமும் அதனுள் அகப்பட்ட வீடும் கிணறும்தான். ஆகவே எந்த முறையை இரவல் வாங்கினாலும், உரிமையாளரின் சம்மதம் எங்கே என்பதே எங்கள் முதற் கேள்வியாக இருக்க வேண்டும்.

பரிமாற்றத்துக்குச் செல்பவர் கற்றதோடு ஊர் திரும்புகிறார். நாங்கள் திரும்பவில்லை. ஆனால் இரு நாட்டு நடைமுறையையும் அறிந்த சட்டத்தரணிகளும் நிலஅளவையாளரும் ஆசிரியரும் எங்களிடையே உள்ளனர், என்னைப்போலப் பெட்டி அடுக்கியபடி. ஊரிலுள்ளவர்களுக்கு எது தேவை என்று நாங்கள் எப்போதாவது கேட்டோமா?