ஊற்றுக்குப் படையல் உண்டு, மலைக்குக் காவல் உண்டா?

மத்திய ஜாவா கிராமங்களில் ஊற்றுக் குளத்துக்கு ‘செண்டாங்’ என்று பெயர். ஆண்டுக்கு ஒருமுறை, ஜாவா நாள்காட்டியில் நாள் பார்த்து, ஊரே அங்கே கூடும். முதலில் தூர்வாரல். ஆண்கள் நீரில் இறங்கிச் சேற்றை வாரிக் கரையில் போடுவார்கள். அழுகிய இலைகளை அள்ளி, அடைபட்ட நீர்வாயைத் திறந்துவிடுவார்கள். படையல் அதற்குப் பிறகுதான். கூம்பாகக் குவித்த ‘தும்பெங்’ சோறு, முழுக்கோழி, பூக்கள். துஆ ஓதி முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து பகிர்ந்து உண்பார்கள்.

கரையில் நிற்கும் ‘பெரிஙின்’ நம் ஆலமரத்துக்குப் பங்காளி. ஊற்றைக் காக்கும் ‘டான்யாங்’ என்ற ஆவி அதில் குடியிருப்பதாக நம்பிக்கை. வெட்ட யாருக்கும் துணிவு வராது. அந்தப் பயத்தால் பலன் உண்டு. வேர்கள் கரை மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. மரத்தை ஒட்டி வீடோ தொழுவமோ எழும்பாததால் நீரும் கெடுவதில்லை.

ஆனால், மரம் தண்ணீரைச் சுரப்பதில்லை. மெராபி எரிமலையின் அடிவாரத்தில் உள்ள கிளாத்தேன் ஊற்றுகளில் பொங்குவது மலைச்சரிவில் பெய்து மண்ணுக்குள் இறங்கிய மழை. மழைநீரில் ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் உயரத்துக்கேற்ப மாறும். ஊற்றுநீரில் அதை அளந்தால், எந்த உயரத்தில் விழுந்த மழை என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். மேலே காடு அழிந்தால், கீழே எத்தனை படையல் போட்டும் பயனில்லை.

இதைப் புரிந்துகொண்டு மலைக்காகவே களமிறங்கியவர்கள் மத்திய ஜாவாவின் வட கெண்டெங் மலைப்பகுதி விவசாயிகள். அங்கே சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் மழையை உறிஞ்சி, கோடையிலும் சிறுகச் சிறுக ஊற்றுகளுக்கு அனுப்புகின்றன. பாறையை வெட்டி எடுத்தால் அந்தச் சேமிப்பும் போய்விடும். அப்பகுதியின் ரெம்பாங்கில் சிமென்ட் ஆலைக்கு எதிராகப் பெண்கள் 2014-இல் கூடாரம் போட்டு அமர்ந்தார்கள். படையலும் பிரார்த்தனையும் அவர்கள் போராட்டத்தின் பகுதி. 2016 ஏப்ரலில் 9 பெண்கள் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகை எதிரே கால்களைச் சிமென்டில் புதைத்து உட்கார்ந்தார்கள். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. 2017 பிப்ரவரியில் மாகாண அரசு புதிய அனுமதி கொடுத்துவிட்டது.

செண்டாங்கைத் தூர்வார ஊர் யாருடைய உத்தரவுக்கும் காத்திருப்பதில்லை. நீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று காட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அந்த மலையை வெட்ட அனுமதிப்பதா, மறுப்பதா என்பது மட்டும் அரசின் கையில் இருக்கிறது. சிக்கல் அங்கேதான்.