கரும்பு வண்டியும் மனைக்கல்லும்

திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் பேருந்து தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டும்போது மாவட்டம் மாறிவிடும். அக்கரை திருவண்ணாமலை, இக்கரை கள்ளக்குறிச்சி. 1989 வரை அக்கரை வட ஆர்க்காடு. 1993 வரை இக்கரை தென் ஆர்க்காடு. இக்கரையில் இருக்கிறது மூங்கில்துறைப்பட்டு. அரவைக் காலமாக இருந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு ஊர் வந்துவிடும். கரும்புச்சாறு கொதிக்கிற இனிப்பு வாடை, அதற்குள் ஒளிந்திருக்கும் மொலாசஸின் புளிப்பு. வெளியூர்க்காரர்கள் கர்சீப்பை எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது வாடையே இல்லை.

புறநகர் என்றால் பக்கத்தில் ஒரு நகரம் வேண்டும். சென்னையில் 1968 வணிகக் கண்காட்சி நடந்த இடத்தைச் சுற்றி வீட்டுவசதி வாரியம் அண்ணா நகரை எழுப்பியபோது, கொஞ்ச தூரத்திலேயே பெரிய நகரம் ஒன்று காத்திருந்தது. மூங்கில்துறைப்பட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, திருக்கோவிலூர் எல்லாமே பஸ் ஏறிப் போகவேண்டிய தூரம். இங்கே நகரத்தின் வேலையைச் செய்தது ஒரு சர்க்கரை ஆலை. பெயர்ப்பலகையில் கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை, இருப்பது மூங்கில்துறைப்பட்டில். பிற்பாடு கச்சிராயபாளையத்தில் இரண்டாவது ஆலை வந்ததும் இது ‘கள்ளக்குறிச்சி 1’ ஆனது. ஊர்க்காரர்கள் வாயில் அன்றும் இன்றும் வெறும் ‘ஆலை’தான்.

ஆலைக்கு முன்பே அணை வந்துவிட்டது. சாத்தனூர் அணை 1958இல் காமராஜர் ஆட்சியில் முடிந்தது. 119 அடி உயரம், 7,321 மில்லியன் கன அடி கொள்ளளவு. இடது கால்வாய் அக்கரைக்கு, வலது கால்வாய் இக்கரைக்கு. அதுவரை தென் ஆர்க்காட்டின் இந்த மேற்கு மூலை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கம்பு, கேழ்வரகு, மல்லாட்டை. மல்லாட்டை என்றால் தெற்கே உள்ளவர்களுக்குப் புரியாது, வேர்க்கடலைதான். கிணறு இருந்தவர் கொஞ்சம் நெல் பார்த்தார், கொஞ்சம் கரும்பு போட்டு வயலிலேயே கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சினார். கால்வாய்த் தண்ணீர் வந்தபிறகு கணக்கே மாறிவிட்டது. 1960களில் ஆலையும் வந்தது. ஆலை கடன் கொடுத்தது, விதைக்கரும்பு கொடுத்தது, உரம் கொடுத்தது, வெட்ட ஆளும் அனுப்பியது. கடைசியில் பிடித்தம் போக மிச்சத்தைக் கொடுத்தது. மல்லாட்டைக்கு இத்தனை உபசாரம் செய்ய யாரும் இல்லை.

இதே ஆற்றின் வழியில் இன்னும் ஆலைகள் உண்டு. திருக்கோவிலூருக்குக் கீழே பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. கடற்கரைப் பக்கம் நெல்லிக்குப்பத்தில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பாரி கம்பெனி. ஆனால் நெல்லிக்குப்பம் ஆலைக்கு முன்பே ஊராக இருந்தது. மூங்கில்துறைப்பட்டு இன்று இருக்கிற அளவுக்கு ஊரானது ஆலையால்.

அந்தக் காலத்து மூங்கில்துறைப்பட்டைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வண்டி வரிசையைப் பற்றிக் கேட்க வேண்டும். அறுபதைத் தாண்டிய எவரிடமும் கேட்கலாம், ஒரு மணி நேரம் நிறுத்தமாட்டார். வெட்டும் உத்தரவு வந்ததும் கரும்பை வெட்டி, சோகை உரித்து, தோகையை நறுக்கி, கட்டுக்கட்டாக டயர் வண்டியில் ஏற்றுவார்கள். வெயில் மாட்டைக் கொல்லும் என்பதால் பொழுது சாய்ந்துதான் வண்டி கிளம்பும். அச்சுக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும். ஆலை வாசலில் வரிசை. நல்ல நாளில் ஒரு ராத்திரி, இயந்திரம் பழுதான நாளில் இரண்டு, மூன்று ராத்திரி. மாட்டை அவிழ்த்து நுகத்தடியை மண்ணில் இறக்கிவைத்து, கழுத்துப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவி, வைக்கோலை உதறிப் போட்டுவிட்டு வண்டிக்காரர் கரும்பு நிழலிலேயே துண்டை விரிப்பார். பிறகு நகர்வு. ஒரு வண்டி எடை மேடையில் ஏறினால் பின்னால் உள்ள அத்தனை வண்டிகளும் ஒரு வண்டி நீளம் நகரும். தூங்குகிறவரை எழுப்புவது பக்கத்து வண்டிக்காரரின் கடமை. எழுப்பாமல் முந்தியவர்களைப் பற்றிய கதைகள் தனி.

இந்த வரிசையைச் சுற்றித்தான் கடைவீதி முளைத்தது. இட்லிக் கூடையோடு வந்த பெண்கள், டீக்கடை, லாடம் அடிப்பவர், பட்டறை, முடிதிருத்தும் கடை. பல கிராமத்து ஆட்கள் ராத்திரி முழுக்க விழித்துக் கிடக்கும் இடத்தில் பேச்சுக்கு என்ன பஞ்சம்? பெண் பார்ப்பது, மாடு விலை, அரசியல், யார் ஊரில் கூத்து என்பது எல்லாம் அங்கே முடிவாகியிருக்கின்றன. வண்டியிலிருந்து கரும்பு உருவி ஓடும் பையன்களை விரட்டுவதும் விரட்டுவதுபோல நடிப்பதும் அந்த வரிசையின் பொழுதுபோக்கு. வரிசையை ஏக்கத்தோடு நினைவுகூர்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவைக்கலாம். வெட்டிய கரும்பு 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போகவேண்டும். காய்ந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். அந்தக் கதைகள் அத்தனையும் விவசாயியின் எடையில் குறைந்த கிலோக்களில்தான் நடந்தன.

இனி குடியிருப்புக்கு வருவோம். பழைய ஊரில் யார் வீடு எங்கே என்பதைச் சாதி தீர்மானித்திருந்தது. ஊர்த் தெரு ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவே வயலோ ஓடையோ. வட தமிழகத்தில் இதற்கு விதிவிலக்கான கிராமத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆலைக் குடியிருப்பு வேறொரு கணக்கைக் கொண்டுவந்தது. எல்லா ஆலைக் குடியிருப்பையும்போல இங்கேயும் வீடு பதவியைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது. அதிகாரிக்கு மரம் வைத்த பெரிய வீடு, கெமிஸ்ட்டுக்கு அடுத்தது, பிட்டருக்கு வரிசை வீடு. கோயம்புத்தூர்ப் பக்கத்து எஞ்சினியரும் தஞ்சாவூர்க் கணக்கரும் உள்ளூர் பாய்லர் ஆளும் ஒரே தண்ணீர்க் குழாயில் குடித்தார்கள். இதைப் புரட்சி என்று சொல்ல மனம் வரவில்லை. மேலே கீழே என்பது சம்பளப் பட்டியலுக்கு மாறியது, அவ்வளவுதான். ஆனால் தாத்தா யாரென்று கேட்காமல் ஒருவருக்கு வாசல் கதவு கொடுத்த முதல் தெரு அந்த வட்டாரத்தில் அதுவாகத்தான் இருக்கும். அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஒன்றாகச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை என்பது அந்தத் தெருவின் இன்னொரு பக்கம்.

அரவை இல்லாத மாதங்களில் ஊர் கிராமத்துக்குத் திரும்பிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசியில் சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள், விடிய விடியக் கூத்து நடக்கும். கடைசி நாள் மண்ணில் பிரம்மாண்டமாகக் கிடக்கும் துரியோதனனின் படுகளம். கரும்புப் பணம் கைக்கு வந்திருந்தால் கூத்துக் கட்டணம் பேசுவதில் தாராளம் இருக்கும். வராவிட்டால் நாட்கள் குறையும்.

பணம் வருவதும் வராததும் இன்றும் அதே பேச்சுதான். 1966இல் வந்த கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் 15 சதவீத வட்டி என்கிறது. அந்த வட்டியை வாங்கிப் பார்த்த விவசாயியை இந்தப் பக்கத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மாநில அரசின் பரிந்துரை விலை முடிவுக்கு வந்து, 2017–18 பருவத்திலிருந்து வருவாய்ப் பங்கீடு என்ற முறை வந்தது. இப்போது மத்திய அரசின் விலைக்கு மேல் மாநிலம் ஊக்கத்தொகை போடுகிறது. 2024–25 பருவத்துக்கு டன்னுக்கு 3,151 ரூபாய்; மாநிலத்தின் 349 ரூபாயைச் சேர்த்தால் 3,500. கேட்க நன்றாக இருக்கிறது. வெட்டுக்கூலியை யாரும் இந்தத் தொகையோடு சேர்த்து அறிவிப்பதில்லை.

வெட்டுக்கு ஆள் கிடைக்காததுதான் இன்றைய பெரிய மாற்றம். கல்வராயன் மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் மேஸ்திரியோடு இறங்கி வந்த குடும்பங்கள் இப்போது கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகின்றன. இருக்கிற ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும். கரும்பு ரகமும் மாறிவிட்டது. கடலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.க.671 சர்க்கரையில் பெயர் வாங்கி, செவ்வழுகலில் அடிபட்டது. அதற்குப் பிறகு கோயம்புத்தூரின் கோ 86032 வயலை நிறைத்தது. ஆனால் ரகம் எதுவானாலும் தோகை ஒருவர் கையை அறுக்கத்தான் செய்யும்.

வண்டி வரிசை போய் டிராக்டர் வரிசை வந்தது. டிரைலரில் பாட்டு ஓடுகிறது. ஓட்டுநர் கைபேசியில் படம் பார்க்கிறார். முன்புபோல நாலு பேரோடு பேசவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. லாடம் அடிப்பவரின் இடத்தில் பஞ்சர் கடை, பஞ்சர் கடையின் பக்கத்தில் கைபேசி ரீசார்ஜ், அதற்கும் பக்கத்தில் பிரியாணி. கடைவீதி ஆலையை நம்பிப் பிறந்தது, இப்போது சாலையை நம்பிப் பிழைக்கிறது. பௌர்ணமி தோறும் கிரிவலத்துக்குப் போகும் வண்டிகள், பெங்களூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வார விடுமுறைக்கு வரும் பையன்கள். இவர்கள் கொண்டுவருகிற பணத்துக்கு அரவைப் பருவம் கிடையாது.

அந்தப் பணம்தான் மனைக்கல்லாக நிற்கிறது. மல்லாட்டை விளைந்த மேட்டு நிலம் கொடி கட்டிய நகராகிவிட்டது. பெயருக்குப் பஞ்சமில்லை; சாமி பெயர், பிள்ளை பெயர், கூடவே ‘நகர்’, ‘அவென்யூ’. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது தமிழ்நாடு முழுக்கக் கொஞ்சநாள் கொடிகள் வெளுத்துப்போய் நின்றன. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்ததும் மீண்டும் வண்ணம் பூசிக்கொண்டன. மனை நகரில் வீடு கட்ட யாருடைய சாதியும் யாருடைய பதவியும் கேட்கப்படுவதில்லை, சென்ட் விலைதான் கேள்வி என்று சொல்வார்கள். பாதி உண்மை. விற்கிறவர் யாரிடம் விற்கமாட்டார் என்பது பத்திரத்தில் எழுதப்படாத இன்னொரு பாதி. காலனி பழைய இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி நகர்கள் வளர்ந்து அதன் வழியை மட்டும் சுருக்கியிருக்கின்றன.

ஆறு மாறியதைச் சொல்லாமல் இந்த ஊரை எழுத முடியாது. கோடையில் மணலைத் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் தெளிந்து நிற்கும், செம்பால் மொண்டு குடத்தை நிரப்பலாம் என்பது பெண்கள் சொல்லும் பழைய தென்பெண்ணை. அணை தண்ணீரைக் கட்டிவைத்தது, லாரிகள் மணலை அள்ளிப்போயின, மிஞ்சிய இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. ஆறு என்பதே பாலத்துக்குக் கீழே இருக்கும் பள்ளம் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொண்டிருந்தபோது ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. 2ஆம் தேதி விடியற்காலையில் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, திறந்து மூன்று மாதமே ஆன பாலம் போய்விட்டது. கரையோரம் நெடுகக் கரும்பும் நெல்லும் சேற்றில் படுத்தன. முன்னறிவிப்பு போதுமானதா என்று சட்டமன்றம்வரை சண்டை நடந்தது.

ஆனாலும் தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழா வந்தால் மக்கள் ஆற்றுக்குப் போகிறார்கள். கொஞ்சம் கீழே மணலூர்ப்பேட்டைக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு எழுந்தருள்கிறார். ஆற்றங்கரைக் கடைகளில் அன்றைக்கென்றே விற்கும் சுருளிக்கிழங்கு, பொரி, பலூன். முன்பு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போய் மணலில் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். இப்போது பைக்கில் போய் அரை மணியில் திரும்புகிறார்கள். கிழங்கை மட்டும் மறக்காமல் வாங்குகிறார்கள்.

கலெக்டரிடம் மனுக் கொடுக்க அன்றைக்குக் கடலூர் போகவேண்டும், 1993க்குப் பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. தூரம் குறைந்துகொண்டே வந்ததில் மனுக்கள் கூடியிருக்கின்றன. பழைய மனுக்கள் ஆலையின் நிலுவைத்தொகை பற்றியவை. புதியவை மனை நகர்களிலிருந்து வருகின்றன: சாலை போடாமல் விற்றுவிட்டுப் போனவரைக் காணவில்லை, தெருவிளக்கு இல்லை, குடிநீர்க் குழாய் வரவில்லை, மழைநீர் போக வழியில்லை. கடைவீதியில் கணினி வைத்து மனு தட்டிக் கொடுக்கும் பெண் ஒருத்தி, நகரின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டு, தானாகவே அடைப்புக்குறிக்குள் ‘ஆலைக்குப் பின்புறம்’ என்று சேர்க்கிறாள். எதற்கு என்று கேட்டால், “இல்லன்னா தபால்காரருக்கே தெரியாதுங்க” என்கிறாள்.