பிள்ளையைச் சாட்டையாக்காதீர்கள்!

அடித்து உதைக்கும் கணவனை விட்டுப் பிரிந்து, விவாகரத்துக்கு வழக்குப் போட்டுவிட்டால் கஷ்டம் தீர்ந்தது என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குப் பிறகு தான் பிள்ளைகள் பாடு திண்டாட்டமாகிறது.

எங்கள் காம்பவுண்டில் இருக்கும் பெண், அடி தாங்காமல் ஏழு வயது மகனோடு தாய் வீட்டுக்கு வந்தவள். பெரியவர்கள் பேசி வைத்தபடி, ஞாயிறுதோறும் பையன் அப்பாவிடம் போவான். 'அம்மா போன்ல யார்கிட்ட பேசுறா? வீட்டுக்கு யார் வர்றா?' என்று அவனைக் குடைந்து எடுப்பாராம். அழைத்துப் போக வரும்போது அவளிடம், 'கேஸை வாபஸ் வாங்கு. இல்லேன்னா புள்ளையைக் கண்ணால பார்க்க மாட்டே' என்று மிரட்டல் வேறு. சனிக்கிழமை ராத்திரியானால் பையன் படுக்கையை நனைத்து விடுவான்.

சொந்தக்காரர்களோ, 'புள்ளை முகத்தைப் பார்த்துப் பொறுத்துப் போ' என்றனர். அவளும் பயந்து, ஜீவனாம்சமே வேண்டாமென்று எழுதிக் கொடுக்க இருந்தாள்.

அப்போதுதான் யாரோ சொல்லி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனாள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அங்கே இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தருகிறார்கள். 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21-ம் பிரிவில், வழக்கு நடக்கும்போதே பிள்ளையைத் தற்காலிகமாகத் தாயிடம் ஒப்படைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாமாம். தகப்பன் வந்து பார்ப்பதால் பிள்ளைக்குக் கெடுதல் என்று தெரிந்தால், அதையும் மறுக்கலாமாம்.

இப்போது பையன் அவளிடம்தான். கோர்ட்டு சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில்தான் அப்பா பார்க்க முடியும். பையனுக்கு இன்னும் பயம் முழுசாகத் தெளியவில்லை. ஆனாலும், மறுபடி தெருப் பிள்ளைகளோடு விளையாட வருகிறான்.

சகோதரிகளே, அடிபட்ட தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். ஆபத்து என்றால் 181-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடமும் புகார் கொடுக்கலாம். நாமும், 'உங்கப்பன் அப்படி, இப்படி' என்று பிள்ளை மனசில் விஷத்தை ஏற்ற வேண்டாம்.

'பிள்ளைக்காகப் பொறுத்துக்கோ' என்று புத்தி சொல்லும் பெரியவர்களே... தினமும் அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளரும் பிள்ளை எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசிப்பீர்களா?

– ஒரு வாசகி, விருதுநகர்.