கன்னியா வெந்நீரும் எரிபொருட் கணக்கும்

2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் சிறு படகுகளை நம்பி வாழும் திருகோணமலை, கிண்ணியா, மூதூர் மீனவர்களுக்கு அது பேரிடியாக அமைந்தது. இறக்குமதி எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்தை நாம் உணர்ந்துள்ள நிலையில், கன்னியாவில் நிலத்தடியிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் வெப்பத்தை ஏன் பயன்படுத்தக் கூடாது என்ற கேள்வி எழுவது இயல்பே. அக்கேள்விக்கு ஆசையைக் கொண்டல்ல, கணக்கைக் கொண்டே விடை காண வேண்டும்.

புவிவெப்பத்துக்கு எடுத்துக்காட்டாக விளங்குவது ஐஸ்லாந்து. 1973 எண்ணெய் நெருக்கடியின் பின்னர் அந்நாடு வீடுகளைச் சூடாக்குவதற்கு எண்ணெயை விடுத்து நிலத்தடி வெந்நீரை நாடியது. இன்று அங்கு பத்து வீடுகளில் ஒன்பது அவ்வாறே சூடாக்கப்படுகின்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அது எரிமலைகள் நிறைந்த நாடு. மிகச் சூடான நீர் அதிக ஆழமின்றிக் கிடைக்கின்றது. மற்றையது, ஆண்டின் பெரும்பகுதியில் அங்கு வீட்டுக்கு வெப்பம் தேவைப்படுகின்றது. குழாய் பதிக்கும் பெருஞ்செலவை அந்த இடையறாத தேவையே ஈடுசெய்கின்றது.

திருகோணமலையில் இவ்விரண்டும் இல்லை. நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளும் எரிமலையால் உண்டானவையல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளினூடாக ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மீண்டும் மேலெழுகின்றது. அந்நீரின் வெப்பநிலை சுமார் 40 பாகை செல்சியஸ் மட்டுமே. எமது வீடுகளுக்கோ வெப்பமூட்டல் தேவையில்லை.

அப்படியாயின் மின்சாரம்? அலாஸ்காவின் சீனா வெந்நீரூற்றில் 2006 முதல் 74 பாகை நீரைக் கொண்டு மின்னுற்பத்தி செய்யப்படுகின்றது. அங்கு குளிரூட்டுவதற்கு மிகக் குளிர்ந்த நீர் உண்டு. இங்கு 40 பாகை நீருக்கும் 28 பாகைக் காற்றுக்கும் இடையிலான வேறுபாடு 12 பாகையே. இயற்பியல் விதியின்படி, அவ்வெப்பத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட மின்சாரமாக மாற்ற இயலாது. அதிலும் பெரும்பகுதியை நீரிறைக்கும் பம்பிகளே விழுங்கிவிடும்.

மேலும் சூடான நீரைத் தேடி ஆழத் துளையிடலாம். ஆனால் புவிவெப்பத் திட்டங்களில் பெருஞ்செலவு துளையிடுவதற்கே ஆகின்றது. வெந்நீர் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பது பணத்தைக் கொட்டிய பின்னரே தெரியவரும். கடனில் தத்தளித்து எழுந்துவரும் நாடொன்று முதலில் இறங்க வேண்டிய சூதாட்டம் இதுவல்ல.

பயனுள்ள வழி ஒன்று உண்டு. மாரி காலத்தில் வெயிலின்றிக் கருவாடு காய வைக்க முடியாமல் கரையோரக் குடும்பங்கள் நட்டமடைகின்றன. ஈரம் நிறைந்த 26 பாகைக் காற்றை 36 பாகைக்குச் சூடாக்கினால் அதன் சார்பு ஈரப்பதன் 90 சதவீதத்திலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அக்காற்று மீனை உலர்த்தப் போதுமானது. செக்கனுக்கு ஒரு லீற்றர் வெந்நீர் 5 பாகை குளிர்ந்தால் சுமார் 21 கிலோவாற் வெப்பம் கிடைக்கும். ஆயினும் மீன் இறங்குவது கடற்கரையில், வெந்நீர் ஊறுவது உட்புறத்தில். இளஞ்சூட்டு நீரைக் குழாயில் தொலைவுக்குக் கொண்டு செல்வது கட்டுப்படியாகாது. மீனை அங்கு ஏற்றிச் செல்வதும் செலவே. சூரிய உலர்த்தியும், வெயிலற்ற நாட்களுக்கு விறகு அடுப்பும் கரையிலேயே அமைவது மலிவானது.

கன்னியாவில் இந்துக்கள் அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்கின்றனர். சகல சமூகத்தவரும் வந்து நீராடுகின்றனர். அருகே துளையிட்டு நிலத்தடி நீரோட்டம் திசைமாறினால் இழக்கப்படுவதை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது. ஆகவே கிணறுகளின் வெப்பநிலையையும் நீர்வரத்தையும் மாரியிலும் கோடையிலும் தொடர்ந்து அளந்து பதிவு செய்வதே முதற்பணி. செலவு குறைந்த அப்பணி கிணறுகளைக் காக்கவும் உதவும்.

சம்பூரில் அனல்மின் நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. அங்கு 120 மெகாவாற் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. எமது மாவட்டத்துக்கு இலாபகரமான வெப்பம் தலைக்கு மேலேதான் இருக்கின்றது. அதன் பயன் பெருந்திட்டங்களோடு நின்றுவிடாது, கிண்ணியாவிலும் மூதூரிலும் கருவாடு காயவைக்கும் குடும்பங்களையும் சென்றடைய வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.