குழல்வாயில் ஒரு மில்லிமீட்டர்

2023 அக்டோபர் 1 அன்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ட்ராப் என்னும் துப்பாக்கி சுடுதல் பிரிவில் இந்திய ஆண்கள் அணி தங்கம் வென்றது. கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து, புதுக்கோட்டைத் தொண்டைமான் அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் ஆகிய மூவரும் சேர்ந்து பறக்கும் 375 தட்டுகளில் 361ஐச் சுட்டு உடைத்தார்கள். தவறியவை 14தான்.

ஒவ்வொரு தட்டும் 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. களிமண் தட்டு என்பது பெயரளவில்தான். சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் கலந்து அச்சில் வார்க்கிறார்கள். வீரர் குரல் கொடுத்ததும் 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து அது சீறிக் கிளம்பும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேரா என்பது முன்கூட்டித் தெரியாது.

இதைப் பார்க்கும் எவரும் வீரரின் கண்ணையும் கையையும் வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கண்ணும் கையும் நம்பியிருக்கும் இரண்டு சங்கதிகள் யார் கண்ணிலும் படுவதில்லை. ஒன்று, குழலின் கடைசிச் சில சென்டிமீட்டரில் உள்ள இறுக்கம். இன்னொன்று, கன்னம் பதியும் கட்டையின் உயரம். இரண்டையும் மில்லிமீட்டரில்தான் அளக்க வேண்டும்.

இவர்கள் சுடும் ஷாட்கன்னிலிருந்து வெளிவருவது ஒற்றைக் குண்டல்ல. நம்மூர்ச் செய்திகளில் ‘பால்ரஸ்’ என்று அடிபடும் சிறு ஈய ரவைகளின் கூட்டம். ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் ஒரு தோட்டாவுக்கு 24 கிராம் ரவைதான் அனுமதி. 2.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரவையென்றால் அதில் சுமார் 300 இருக்கும். குழலை விட்டதும் அந்தக் கூட்டம் விரியத் தொடங்கும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு விரிய வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதுதான் ‘சோக்’ எனப்படும் இறுக்கம்.

வீச்சுவலை போடும் மீனவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை விரிவதற்குள் நீரில் விழுந்தால் ஒரு கை அகலத்துக்குத்தான் பிடிக்கும். ரவைக் கூட்டமும் அப்படித்தான். கிட்டத்தில் அது இன்னும் சுருண்ட வலை. ஒரே ஒரு வேறுபாடு: மீன் வலையின் கண் ஓரளவுக்கு மேல் பெரிதாகாது, இந்த வலையின் கண்ணோ தூரம் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே இருக்கும். கடைசியில் தட்டே அதன் வழியாக நழுவிப் போய்விடும்.

12 போர் துப்பாக்கியின் குழல் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். வாயருகே அதை 1 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுக்கினால் ‘ஃபுல்’ சோக். பாதியளவு குறுக்கினால் ‘மாடிஃபைடு’. கால் மில்லிமீட்டர் என்றால் ‘இம்ப்ரூவ்டு சிலிண்டர்’. குறுக்காமலே விட்டால் ‘சிலிண்டர்’. இந்தக் குறுகலில் நுழையும் ரவைகளில் ஓரத்தில் உள்ளவை சற்றே உள்நோக்கித் தள்ளப்படுகின்றன, கூட்டமும் கொஞ்சம் நீள்கிறது. அதனால் விரிவது தாமதமாகிறது. சோக் இறுகினால் அடியின் வலு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வேகத்தில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் எதுவும் வராது. மாறுவது அடர்த்தி மட்டுமே.

சோக்கை முதலில் கண்டுபிடித்தது யார் என்பது பழைய வழக்கு. இங்கிலாந்தின் நியூகாஸ்டலில் பேப் என்ற துப்பாக்கிக் கொல்லர் 1866இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் இல்லினாய் மாநில வாத்து வேட்டைக்காரர் ஃப்ரெட் கிம்பிள் தானே கண்டதாகச் சொன்னார். அதைத் துல்லியமான தொழில்நுட்பமாக்கி 1874இல் உலகுக்குக் காட்டியவர் பர்மிங்ஹாமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர். அந்தக் காலத்தில் சோக் குழலோடு சேர்த்தே குடையப்பட்டது. இன்று திருகிக் கழற்றும் சிறு குழாய்களாகக் கிடைக்கிறது. விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் ஃபுல், மூன்றென்றால் மாடிஃபைடு, ஐந்தென்றால் சிலிண்டர். வெட்டு குறைந்தால் இறுக்கம் அதிகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெயரைவிட விழுக்காடுதான் முக்கியம். 40 கஜத்தில், அதாவது 36.6 மீட்டரில், 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் ரவைகளில் 70 விழுக்காடு விழுந்தால் அது ஃபுல். 60 என்றால் மாடிஃபைடு, 50 என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர், 40 என்றால் சிலிண்டர்.

இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 4,540 சதுர சென்டிமீட்டர். 300 ரவையில் 70 விழுக்காடு என்றால் 210. ஆக, ஒவ்வொரு ரவைக்கும் ஏறக்குறைய 22 சதுர சென்டிமீட்டர் இடம். விலகிப் பறக்கும் தட்டு நமக்குக் காட்டுவதோ அதன் விளிம்பை மட்டும். அந்த விளிம்பின் பரப்பு ஏறத்தாழ 25 சதுர சென்டிமீட்டர். சராசரியாக ஒரே ஒரு ரவைதான் அதில் படும்! அதுவும் வெறும் துளை போட்டுவிட்டுப் போனால் புள்ளி கிடையாது. கண்ணுக்குத் தெரிய ஒரு துண்டாவது உடைந்து விழ வேண்டும். தூசு பறந்தால் போதாது. நல்லவேளையாக ரவைகள் வட்டம் முழுக்கச் சீராக விழுவதில்லை. நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் சிதறலாகவும் விழும். தட்டைப் புகையாக்குவது அந்த நடுப்பகுதிதான்.

இதனால்தான் ட்ராப் வீரர்கள் தங்கள் இரட்டைக் குழல் துப்பாக்கியின் முதல் குழலுக்கு 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர் இறுக்கமும், தட்டு இன்னும் தள்ளிப் போய்விட்ட பிறகு சுடும் இரண்டாவது குழலுக்கு ஃபுல்லும் வைக்கிறார்கள். தட்டு சுடும் இன்னொரு வகையான ஸ்கீட் ஆட்டத்தில் நிலைமை தலைகீழ். தட்டு உடைவது 20 மீட்டர் வட்டாரத்தில். ரவையும் 2 மில்லிமீட்டர்தான், ஒரு தோட்டாவில் 500க்கு மேல் இருக்கும். அங்கே அடர்த்திக்குப் பஞ்சமில்லை, விரிவுதான் வேண்டும். ஆகவே இறுக்கம் 0.1 மில்லிமீட்டர் அளவில், அல்லது இல்லவே இல்லை. ஸ்கீட் களத்தில் ஃபுல் சோக்கோடு நிற்பவர் வலையை விரிக்காமல் கல்லாக எறிகிறார்.

இத்தனையும் இரண்டாம் கேள்வி என்பதே என் முடிவு. துப்பாக்கி, நாம் பார்க்கும் இடத்தில் அடிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

ரைஃபிளில் முன்னும் பின்னும் குறிபார்க்கும் உறுப்புகள் உண்டு. ஷாட்கன்னில் குழல் நுனியில் ஒரு சிறு மணி மட்டும். பின்குறி எங்கே? வீரரின் கண்தான் பின்குறி. கன்னம் கட்டையில் எந்த உயரத்தில் படிகிறதோ, அந்த உயரத்தில் கண் நிற்கிறது. கண்ணுக்கும் குழல் நுனிக்கும் இடையே சுமார் 1 மீட்டர். தட்டோ 35 மீட்டரில். கட்டையை 3 மில்லிமீட்டர் உயர்த்தினால், அங்கே அடி விழும் இடம் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறிவிடும். அது கிட்டத்தட்ட ஒரு தட்டின் முழு அகலம். கன்னத்தில் சதை கொஞ்சம் கூடினாலே கணக்கு மாறும் என்பது இதிலிருந்து விளங்கும்.

ட்ராப் துப்பாக்கியை வேண்டுமென்றே சற்று மேலே அடிக்க வைப்பார்கள். தட்டு ஏறிக்கொண்டே போவதால், அதைக் குழலால் மறைத்துவிடாமல், குழலை அதன் அடியில் வைத்துச் சுட முடியும். 60 விழுக்காடு ரவை குறிக்கு மேலே, 40 கீழே என்பது பலரின் தேர்வு. சிலர் 70க்கு 30 வரை போவார்கள். ஸ்கீட்டுக்குச் சரிபாதி.

சோதிக்கும் முறை எளிது. பெரிய தாளில் ஒரு புள்ளி வையுங்கள். முதலில் 12, 13 மீட்டரிலிருந்து இறுக்கமான சோக்கோடு, ஒரே தாளில் நாலைந்து முறை சுடுங்கள். ரைஃபிள்போல நிதானித்துக் குறிபார்க்கக் கூடாது. களத்தில் தூக்குவதுபோலத் தூக்கிச் சுட வேண்டும். நடுப்பகுதி எங்கே விழுகிறது என்பது தெரிந்துவிடும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கின்றனவா என்றும் பாருங்கள். திருகும் சோக் துளைக்கு நேராக உட்காரவில்லையென்றால் அதுவும் இங்கே வெளிப்படும். கட்டையைச் சரிசெய்த பிறகு, நீங்கள் வழக்கமாகத் தட்டை உடைக்கும் தூரத்துக்குப் போங்கள். அங்கே சுட்டு, அடர்ந்த பகுதியை மையமாக வைத்து 76 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, ஓட்டைகளை எண்ணுங்கள். எண்ணுவது அலுப்பான வேலை. இருந்தாலும் எண்ண வேண்டும். ஒரு தாள் போதாது, குறைந்தது ஐந்து வேண்டும். ஒரே பெட்டித் தோட்டாக்களே ஒவ்வொன்றும் ஒரு விதமாக விரியும்.

அப்போது சில ஆச்சரியங்கள் கிடைக்கும். சோக்கில் ‘மாடிஃபைடு’ என்று பொறித்திருக்கும், தாளில் 70 விழுக்காடு விழுந்திருக்கும். காரணம், இறுக்கம் என்பது குழல் துளைக்கும் சோக்குக்கும் உள்ள வேறுபாடு. 12 போர் குழல்கள் எல்லாம் சரியாக ஒரே அளவில் குடையப்படுவதில்லை. தோட்டாவும் காரணமாகலாம். ஆன்டிமனி கலந்த கெட்டி ஈயம் உருண்டையாகவே பறக்கும். மலிவான மென் ஈயம் வெடிப்பின் அழுத்தத்தில் நசுங்கி வழிதவறும்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024ஆம் ஆண்டு கலப்பு ஸ்கீட் வெண்கலப் போட்டியில் மகேஷ்வரி சௌஹான், அனந்த்ஜீத் சிங் நருகா இணை சீனாவிடம் 43க்கு 44 என்று தோற்றது. ஒரே தட்டு. அந்த ஒரு தவறைச் சோக் தடுத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. அந்த உயரத்தில் ஒரு தட்டின் மதிப்பு என்ன என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்த விளையாட்டைப் பழக வரும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். தட்டு தவறத் தொடங்கியதும் புதுச் சோக் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். ஒரு பெட்டியில் 25 தோட்டா இருக்கிறது. பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு, அந்த 25ஐயும் முதலில் தாளில் சுடுங்கள்.