வெளிநாடு செல்வோருக்கான ஆவணத் தயாரிப்பு

வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு செல்பவர் தம் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ் முதலியவற்றை முன்கூட்டியே சரிபார்த்து, உரிய சான்றொப்பம் பெற்று வைப்பது ஆவணத் தயாரிப்பு ஆகும். தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் பலர். எல்லா ஆவணங்களும் கையில் இருந்தும், அவற்றில் பெயர் ஒன்றுபோல் இல்லாததால் பயணம் தடைபடுவது உண்டு.

பெயரும் தலைப்பெழுத்தும்

குற்றாலலிங்கம் என்ற பெயரில் வரும் 'ற்ற' என்பதை ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். பிறந்த ஊரும் ஓர் ஆவணத்தில் 'குற்றாலம்' என்றும், மற்றொன்றில் 'கோர்ட்டாலம்' என்றும் இருக்கக்கூடும். மேலும், கடவுச்சீட்டில் தலைப்பெழுத்து மட்டும் போதாது. அதை விரித்து எழுத வேண்டும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ்

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாக 'குடியேற்றச் சரிபார்ப்பு தேவை' (இ.சி.ஆர்.) என்ற குறிப்பு இடம்பெறும். 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, இவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இதற்கு இ-மைக்ரேட் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இதைத் தவிர்க்கச் சுற்றுலா விசாவில் சென்று வேலையில் சேர்பவர், சம்பளத் தகராறு வந்தால் முறையிடுவதற்குரிய ஒப்பந்தப் பதிவு இல்லாமல் தவிக்க நேரிடும்.

சான்றொப்பம்

கல்விச் சான்றிதழை முதலில் மாநில அரசும், பின்னர் வெளியுறவு அமைச்சகமும் சான்றொப்பமிடும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அமைச்சகத்தின் 'அப்போஸ்டில்' முத்திரை போதுமானது. இந்தியா 2005இலும் சவூதி அரேபியா 2022இலும் இதில் இணைந்தன. ஐக்கிய அரபு அமீரகம் இணையாததால், அங்கே செல்வோர் அந்நாட்டுத் தூதரகத்தின் சான்றொப்பத்தையும் பெற வேண்டும்.

திருத்துவதற்கு ஏற்ற காலம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன், பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கப் பள்ளியில் மாணவரிடமும் பெற்றோரிடமும் காட்டுவார்கள். திருத்தத்திற்கு மிக எளிய வாய்ப்பு அதுவே. அப்போது பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழ் வந்தபின் பிழை தெரிந்தால், தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை நாட வேண்டியிருக்கும். பின்னாளில் அரசிதழில் பெயர் மாற்றினாலும் பழைய சான்றிதழில் பெயர் தானாக மாறாது. அரசிதழ் நகலையும் உடன் காட்ட வேண்டும். ஆகவே, பட்டியலில் கையெழுத்திடுமுன் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.