கல்லமேட்டு எலும்பு கேட்கும் கேள்வி

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண வருவோர், அங்குள்ள சுவரைத் தடவிப் பார்த்து வியக்காமல் போவதில்லை. கண்ணாடிபோல் மின்னும் அந்தப் பூச்சிலே கிளிஞ்சல் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. கிளிஞ்சல் என்பது என்ன? கடலிலே வாழ்ந்த சிற்றுயிர் ஒன்று தனக்கென்று கட்டிக்கொண்ட வீடு! அந்த உயிர் மாண்டது. அதன் வீடு மனிதனின் வீட்டுக்குப் பூச்சாயிற்று.

இன்று காரைக்குடியிலே கட்டடம் எழுப்பும் கொத்தனார் குழைக்கிறாரே சிமெண்டு, அதன் பிறப்பும் ஏறத்தாழ இப்படித்தான். தமிழகத்துச் சிமெண்டு ஆலைகள் பலவற்றுக்குத் தீனி போடுவது அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். அங்கே பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்தது. அதன் அடியிலே படிந்த சிப்பியும் நத்தையும் பவளமும் இறுகிக் கல்லாயின. 1862ஆம் ஆண்டிலேயே பிளான்ஃபோர்டு என்ற நிலவியலார் அந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். ஆட்டுக்கொம்புபோல் சுருண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரின் கல்லுருவங்கள் இன்றும் அங்கே கிடைக்கின்றன. கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடற்சேற்றிலே புதைந்து கல்லாகிப்போன மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துடன் சாத்தனூரிலே கிடக்கிறது. 1940இல் எம். எஸ். கிருஷ்ணன் அதை அறிவுலகுக்குக் காட்டினார்.

கடலிருந்தால் கரையும் இருந்திருக்க வேண்டுமல்லவா? கரையிலே மரமிருந்தால், மரத்தை மேய்ந்த விலங்கும் இருந்திருக்க வேண்டுமல்லவா? இருந்தது, தோழர்களே! அதுதான் டைனோசர்.

நம் சிவகங்கைச் சீமையும் இந்தக் கதைக்குப் புறம்பானதல்ல. நிலவியலார் 'சிவகங்கைப் பாறையடுக்கு' என்று பெயரிட்டே வழங்கும் பாறைகளிலே, 10 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட செடிகளின் இலைப் பதிவுகள் உண்டு. பூக்கும் செடிகள் உலகை ஆளத் தொடங்காத காலம் அது. ஈந்துபோல் கீற்று விரித்த அத்தகைய செடிகளே, அன்றைய தழையுண்ணும் டைனோசர்களுக்கு மேய்ச்சல்.

மேய்ச்சல் இங்கே என்றால், மேய்ந்தவை எங்கே? அரியலூருக்கு அருகே கல்லமேட்டிலே கிடைத்தன! கடல் பின்வாங்கி ஆறுகள் பாய்ந்த காலத்து மண் அது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுப் பழமை உடையது. 1920களிலே மேட்லே என்ற ஆங்கிலேயர் அப்பகுதி டைனோசர் எலும்புகளை ஆராய்ந்தார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கண்டெடுத்த எலும்புகளை, 1980களின் இறுதியில் உலகுக்கு அறிவித்தனர். அவற்றுள் கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம்! ஆள் உயரத்தை விஞ்சும் கணைக்கால்! 'பிருகத்காயோசாரஸ்', அதாவது பேருடல் கொண்ட பல்லி என்று பெயர் சூட்டினர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட அது, நீண்ட கழுத்துடைய தழையுண்ணி என்று பின்னர் மறு ஆய்வாளர்கள் கூறினர். அதன் எடை 110 டன்னுக்கும் மேல் இருக்கலாம் என்று 2023இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இருபது யானைகளைத் தராசிலே ஏற்றினாலும் ஈடாகாத எடை!

அந்த எலும்பு இன்று எங்கே என்று கேட்கிறீர்களா? இல்லை. மழையிலே ஊறியும் வெயிலிலே வெடித்தும் நொய்ந்துபோயிருந்த அந்த எலும்புகள், எடுத்த பிறகு பொடிந்து மண்ணாயின. எஞ்சியவை வரைபடங்களும், 2022இல் வெளியான களப் படங்களுமே. "அது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம்" என்று ஐயுற்றோரும் உண்டு. அவர்களுக்குத் தொட்டுக் காட்ட நம்மிடம் ஒரு துண்டுகூட இல்லை. தரையிலே நடந்த உயிர்களிலெல்லாம் பெரியது தமிழ் மண்ணிலே நடந்தது என்று மெய்ப்பிக்கும் வாய்ப்பு, தூளாய்ப் போயிற்று!

காப்பாற்றப்பட்ட எலும்பு எப்படிப் பேசும் என்பதையும் பாருங்கள். கோதாவரிப் படுகையிலே 1960ஆம் ஆண்டையொட்டித் தோண்டியெடுத்த எலும்புகளைக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தார் பேணிக் காத்தனர். 1975இல் 'பாராபாசாரஸ் டாகோரி' என்று தாகூரின் பெயரை அதற்குச் சூட்டினர். எழுந்து நிற்கும் அந்த எலும்புக்கூட்டைச் சென்று காண்போர், கண்ணாலேயே அளந்துகொள்ளலாம்.

எலும்பு மட்டுமா பேசுகிறது? சாணமும் பேசுகிறது! மராட்டியத்துப் பிஸ்துரா என்னும் ஊரிலே கிடைத்த கல்லான டைனோசர்ச் சாணத்தை நுண்ணோக்கியிலே ஆராய்ந்தபோது, புல்லின் மணல்துகள்கள் தெரிந்தன. டைனோசர் காலத்திலே புல் இல்லை என்றிருந்த எண்ணம் 2005இல் தகர்ந்தது. அந்தப் புற்களிலே நம் நெல்லுக்கு உறவான இனமும் இருந்தது என்று 2011இல் கண்டனர். மத்தியப் பிரதேசத்து நர்மதைக் கரையிலே 92 கூடுகளும் 256 முட்டைகளும் கண்டறியப்பட்ட செய்தி 2023இல் வந்தது. கூடுகள் நெருங்கிக் கிடந்த முறையைப் பார்த்தால், தாய்மார் கூட்டமாக வந்து முட்டையிட்டன. அடைகாக்க இடமின்றி விட்டுச் சென்றன என்று தெரிகிறது.

சான்றைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும்? 2020 அக்டோபரிலே பெரம்பலூர் மாவட்டக் குன்னம் பகுதியிலே உருண்டைக் கற்கள் கிடைத்தன. "டைனோசர் முட்டை!" என்று ஊரெல்லாம் பரவிற்று. வந்து பார்த்த நிலவியலார், அவை கடற்படிவக் கற்கள் என்றனர். டைனோசர் தரையிலே முட்டையிடும் உயிர்; அந்த மண்ணோ கடலடி மண். இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், வதந்தி வாசலிலேயே நின்றிருக்கும்.

தோழர்களே! இந்த மண்ணின் புதையலை முதலில் காண்பவர் யார்? பேராசிரியரா? பல வேளைகளில் அல்ல. கல்லுடைப்பவர், கிணறு வெட்டுபவர், ஏரியிலே மண் எடுப்பவர் ஆகிய உழைப்பாளிகளே முதல் சாட்சிகள். குஜராத்திலே ரையோலியில், சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல் வெட்டுமிடத்திலே 1981இல் நிலவியலார் டைனோசர் முட்டைகளைக் கண்டனர். இன்று அங்கே டைனோசர் அருங்காட்சியகமே நிற்கிறது. நமக்கும் அரியலூர் வாரணவாசியிலே புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து சங்கத்தோழர்கள் ஒரு நாள் கூட்டமாகச் சென்று, பிள்ளைகளுக்கும் காட்டி வரலாமே!

வேலையிடத்திலே புதுமையான கல் கண்டால், உடைக்காதீர்கள், விலைபேசுவோரிடம் விற்காதீர்கள். கிடைத்த இடமும் ஆழமும் தெரியாத கல், முகவரி கிழிந்த கடிதம். கண்ட இடத்திலேயே விட்டு, படமெடுத்து, வட்டாட்சியருக்கோ அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்கோ தெரிவியுங்கள். பாறை வெட்டும் இடங்களிலே, எலும்போ முட்டையோ தென்பட்டால் வேலையை நிறுத்திச் சொல்லவும், அப்படிச் சொன்னவருக்கு அன்றைய கூலி குறையாதிருக்கவும் ஏற்பாடு வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்கட்டும்.

கல்லமேட்டிலே ஒன்று போயிற்று. அடுத்தது எந்தத் தோழரின் கடப்பாரை முனையிலே தட்டுப்படப்போகிறதோ! அவர் கை ஒரு நொடி நிற்க வேண்டும்.